பதினோராம் நாள் பதிவு

ஒருவர் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் அவர் வாய் திறக்காமலேயே படித்துவிட முடியும் என்று ஆன பிறகு, நீதிமன்றங்களில் முதலில் காணாமல் போனது குறுக்கு விசாரணை. சாட்சி பேச வேண்டியதில்லை. வலை போன்ற ஒரு தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, நடந்ததை மனதுக்குள் நினைத்துப் பார்த்தால் போதும். அறிக்கை வந்துவிடும். சட்டம் இதற்கு நினைவு வாசிப்பு என்று பெயர் வைத்தது. ஊரில் அவ்வளவு மரியாதையாகச் சொல்வதில்லை. "அந்தாளுக்குத் தலையை வாசிச்சுட்டாங்களாமா" என்பார்கள்.

நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். வாசிப்புக்கு முன்பு சாட்சி அந்தச் சம்பவத்தை யாரிடமும் விவரித்திருக்கக் கூடாது. திரும்பத் திரும்பச் சொன்ன நினைவு கலங்கிவிடும். கலங்கிய நினைவு செல்லாது. அதனால் முதலில் ஒரு படிவத்தை நீட்டுவார்கள். 'இச்சம்பவத்தை நான் இதுவரை எவரிடமும் விவரிக்கவில்லை.'

கோகிலவாணி அதில் கையெழுத்துப் போட்டபோது பொய் சொல்வதாக நினைக்கவில்லை. அவர் யாரிடமும் பேசவில்லை. வலைப்பூவில் எழுதியிருந்தார், அவ்வளவுதான். அதுவும் புனைபெயரில், நாற்பது பேர் மட்டும் படிக்கிற ஒரு குழுவில். பல வருடங்களாக எழுதுகிறவர்களுக்கு எழுதுவது, பேசுகிற கணக்கில் வருவதில்லை.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆற்றுப்பாலத்துக்குப் பக்கத்தில் மருந்துக்கடை, மேலே வீடு. கணவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. கடைக்கு வருகிறவர்களிடம் எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்பதைத் தாண்டி அதிகம் பேசாதவர் என்று பெயர். ஆனால் 'முப்பது நாள் முப்பது நினைவு' என்ற தொடர் சவாலில் ஆறாவது முறையாகக் கலந்துகொண்டிருந்தார். காலை ஐந்து மணிக்குக் குழுவை நடத்துகிற லோசனி ஒரு சொல்லை அனுப்புவார். அந்தச் சொல்லைத் தொட்டு, சொந்த வாழ்க்கையிலிருந்து முந்நூறு வார்த்தைகளுக்குள் ஒரு நினைவை அன்றைக்கே எழுதிப் போட வேண்டும். ஒரு பதிவுக்கு ஓர் உணர்வுதான். சொல்லுக்குப் பொருந்தாததை வெட்டிவிட வேண்டும் என்பது குழுவின் விதி. கோகிலவாணி வெட்டுவதில் கெட்டிக்காரர்.

சம்பவம் நடந்தது ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாலத்துக்கு மூன்று கிலோமீட்டர் மேலே தடுப்பணை இருக்கிறது. தண்ணீர் திறப்பதற்கு முன்னால் பத்து நிமிட இடைவெளியில் மூன்று முறை சங்கு, அதாவது சைரன், ஊத வேண்டும். ஊர்க்காரர்களுக்கு அந்தச் சங்கு கேட்டதும் கை தானாக மோட்டார் சுவிட்சுக்குப் போகும். தண்ணீர் திறந்துவிட்டால் கரையோரக் கிணறுகள் இரண்டு நாளைக்குச் செம்மண்ணாகக் கலங்கிக் கிடக்கும் என்பதால் அதற்குள் மேல்தொட்டியை நிரப்பிக்கொள்வார்கள்.

அன்றைக்கு வெளியூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் பாலத்துக்குக் கீழே பாறையில் குளித்துக்கொண்டிருந்தது. மருதாசலம் என்பவர் கரையில் கல் கூட்டி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி, இரண்டு மகள்கள், தங்கை, நான்கு பேரும் தண்ணீரில் இருந்தார்கள். நான்கு பேரும் போனார்கள்.

மதகை இயக்கும் நாச்சிமுத்துவை அன்று மாலையே கைது செய்தார்கள். மூன்று முறையும் சங்கு ஊதினேன் என்றார் அவர். சங்கு ஊதிய நேரத்தைத் தானாகக் குறித்துவைக்கும் கருவி இரண்டு மாதமாகப் பழுது. கரையில் இருந்தவர்கள் அன்றைக்கே தொலைக்காட்சிக்காரர்களிடமும், ஊருக்குள் இருந்தவர்கள் தங்களுக்குள்ளும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிவிட்டதால் அவர்கள் தலை எதுவும் செல்லாது. நாச்சிமுத்துவின் நினைவை வாசிக்க அவருடைய வக்கீலே சம்மதிக்கவில்லை. ஸ்டேஷனில் நான்கு நாள் கேட்டுக் கேட்டே கலக்கிவிட்டார்கள், இனி வாசித்தால் என்ன வருமோ என்று பயந்தார். மிச்சம் இருந்தது பாலத்துக் கேமரா. அதில் ஒலி இல்லை. ஆனால் வெள்ளம் வந்த நேரத்தில் மருந்துக்கடை மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டு ஒரு பெண் தனியாக நிற்பது தெரிந்தது.

விசாரணை ஆணையம் ஏழு வாரம் கழித்து அவரைக் கூப்பிட்டது. வாசித்தது. அறிக்கையில் காற்று இருந்தது, ஈரத் துணியை உதறும் சத்தம் இருந்தது, "அப்பா, இங்க பாருங்க" என்று ஒரு சிறுமி கூப்பிடுவது இருந்தது, பிறகு தண்ணீர். சங்கு இல்லை.

குற்றப்பத்திரிகை அந்த வாரமே தாக்கலானது. ஏழு வருடம் வரை கிடைக்கலாம் என்றார்கள்.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம், நாச்சிமுத்துவின் மனைவி தனபாக்கியம் கடைக்கு வந்தார். மாமியாருக்கு இன்சுலின் வாங்குவது வழக்கம். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார்.

"நான் சண்டைக்கு வரலீங்கக்கா. ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். அன்னைக்கு உங்க மேல்தொட்டி நெறஞ்சு ரோட்டுல வழிஞ்சுது. எதுத்த வீட்டுல எங்க சின்னம்மா பாத்திருக்குது. சங்கு கேக்காமயா மோட்டார் போட்டீங்க?"

ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிற நாள், அதற்காகப் போட்டிருப்பேன் என்றார் கோகிலவாணி.

"இருக்கும்," என்றார் தனபாக்கியம். "அப்படித்தான் இருக்கும்." மருந்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் அப்படி ஒத்துக்கொண்டதுதான் உறுத்தியது. கோகிலவாணி கடையின் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு வலைப்பூவைத் திறந்தார். சம்பவம் முடிந்து மூன்று வாரம் கழித்து வந்த, சவாலின் பதினோராம் நாள். லோசனி அன்று அனுப்பிய சொல் 'மௌனம்'.

'அன்று எந்த எச்சரிக்கையும் இல்லை. ஆறு எப்போதும் போல இருந்தது. நான் துணியை உதறிக் கொடியில் போட்டேன். உலகம் வாயை மூடிக்கொண்டு நின்றது. அந்த மௌனத்துக்குள்தான் தண்ணீர் வந்தது.'

நல்ல பதிவு. நாற்பத்து மூன்று பின்னூட்டங்கள் வந்திருந்தன. அந்த மௌனம் என் காதில் கேட்கிறது என்று ஒருவர். உங்கள் மாடியில் நானும் நின்றேன் என்று இன்னொருவர். ஒவ்வொன்றுக்கும் அவர் பதில் எழுதியிருந்தார். ஒவ்வொரு முறையும் மனதுக்குள் அந்த மாடிக்குப் போய்த்தான் எழுதியிருந்தார்.

ஒரு பதிவை எழுதும்போது இடையிடையே சேமித்த பிரதிகளை அந்தத் தளம் அழிப்பதில்லை. பதினோராம் நாள் பதிவுக்கு நான்கு பிரதிகள் இருந்தன. காலை ஐந்து நாற்பதுக்குச் சேமித்த முதல் பிரதியின் இரண்டாவது வரி:

'சங்கு ஊதியதும் வழக்கம்போல மோட்டாரைப் போட்டுவிட்டு மாடிக்குப் போனேன்.'

மூன்றாவது பிரதியில் அந்த வரி இல்லை. ஏன் எடுத்தோம் என்பது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. மௌனத்தைப் பற்றிய பதிவில் சங்கு ஊதினால் கெட்டுவிடும். விதிப்படி வெட்டினார். வெட்டியது நினைவிருந்தது. சங்கு நினைவில்லை. கண்ணை மூடி எத்தனை முறை மாடிக்குப் போனாலும் ஈரத் துணி உதறும் சத்தம்தான் கேட்டது. யாரோ எழுதிய வரியைப் போல அது திரையில் கிடந்தது.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு ஆணைய அலுவலகத்துக்குப் போனார். அவருக்கு வாசிப்பு நடத்திய டாக்டர் ஜெரால்டு முப்பத்தைந்து வயதுக்காரர். மேசையில் டிபன் பாக்ஸ் திறந்திருந்தது. பிரதிகளையும் பின்னூட்டங்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டார்.

"படிவத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"பேசலைன்னு நினைச்சுத்தான் போட்டேன், சார். வாசிப்பை ரத்து பண்ணீருங்க. எனக்கு என்ன தண்டனைன்னாலும் பரவாயில்லை."

அது முடியாது என்று அவர் விளக்கினார். மிஷின் கலங்கலைக் கண்டுபிடிக்கும், ஆனால் பல வாய்க்குப் பல விதமாகச் சொன்னால்தான் கலங்கும். கோகிலவாணி சொன்னது ஒரே விதம், திருத்தித் திருத்தி, சுத்தமாக. அதனால் மிஷினுக்கு அது அப்பழுக்கில்லாத நினைவு. பதிவான வாசிப்பைச் சாட்சி வாய்வார்த்தையாலோ கையெழுத்தாலோ மறுக்க முடியாது. அப்படி விட்டால் காசு வாங்கிய சாட்சி எல்லோரும் என் நினைவு மாறிவிட்டது என்று வந்து நிற்பார்கள். சட்டம் போட்டதே அதற்காகத்தான்.

"ஆனா நான் பொய் சொல்லலையே. அப்புறம் எப்படி இல்லாதது வந்துச்சு?"

"நினைவுங்கறது போட்டோ இல்லம்மா. பாகு மாதிரி. எடுத்துப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் இளகும். திரும்ப வைக்கிறப்ப அந்த நேரத்துல கூட எது ஒட்டியிருக்கோ, எது உதிர்ந்திருக்கோ, அப்படியே இறுகிரும். அன்னைக்குக் காலையில நீங்க எடுத்தீங்க, சங்கை உதிர்த்தீங்க, நாற்பத்து மூணு தடவை எடுத்து எடுத்து வச்சீங்க."

"அப்ப சங்கு ஊதியிருக்கு."

ஜெரால்டு முதல் பிரதியின் இரண்டாவது வரியில் விரலை வைத்தார். 'வழக்கம்போல' என்று எழுதியிருக்கீங்களே, அன்றைக்குக் கேட்டதை எழுதினீங்களா, என்றைக்கும் கேட்கிறதை எழுதினீங்களா என்று கேட்டார்.

கோகிலவாணிக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை என்பது அந்த நாற்காலியில்தான் புரிந்தது. ஆனால் தொட்டி நிறைந்து வழிந்திருக்கிறது. சும்மா எழுதுகிற வரியில் சங்கு ஏன் வர வேண்டும்? ஊதியிருக்கும். ஊதியிருக்கத்தான் வேண்டும். ஒரு ஆள் ஏழு வருடம் உள்ளே போவது, தான் அழகு பார்த்து வெட்டிய ஒரு வரியால்.

முதல் வாசிப்பை எதுதான் மாற்றும் என்று கேட்டார்.

"ரெண்டாவது வாசிப்பு. தொண்ணூறு நாளுக்குள்ள சாட்சி ஒரு தடவை கேக்கலாம். ஆனா அதே நினைவுதானே உள்ள இருக்கு, அதேதான் வரும்." பிறகு கோகிலவாணி தன்னைப் பார்த்த பார்வையைக் கவனித்து, குரலை இறக்கிச் சொன்னார்: "நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு எனக்குத் தெரியக் கூடாது. கிளம்புங்க."

அடுத்த சவால் ஒன்றாம் தேதி தொடங்கியது. இந்த முறை கோகிலவாணி எல்லா நாளும் ஒரே நினைவைத்தான் எழுதினார். 'மஞ்சள்' என்று சொல் வந்தபோது சங்குக் கம்பத்துக்கு அடித்திருக்கும் மஞ்சள் பெயின்டில் தொடங்கினார். 'பல்வலி' வந்தது, அந்த ஞாயிற்றுக்கிழமை கடைவாய்ப்பல் குத்திக்கொண்டிருந்ததாகவும் சங்கு ஊதும்போது அது தாடை வரை அதிர்ந்ததாகவும் எழுதினார். பல் வலித்ததா என்று அவரே நிச்சயமாகச் சொல்ல முடியாது. எழுதி முடித்ததும் கண்ணை மூடி மாடிக்குப் போய்ச் சங்கை அதன் இடத்தில் வைத்துவிட்டு வருவார். ஒரு நாளைக்கு மூன்று வேளை, மருந்து சாப்பிடுவதைப் போல.

குழுவில் முணுமுணுப்பு எழுந்தது. "கோகிலாக்கா, பிரியாணின்னு சொல் குடுத்தாலும் சங்குதான் ஊதுவீங்களா?" என்று ஒருவர் கேட்டார். லோசனி விளையாட்டுக்கு மறுநாள் 'பிரியாணி' என்றே அனுப்பினார். கோகிலவாணி அதையும் எழுதினார். பாய் கடையில் பிரியாணி தம் போட்டிருந்த வாசனை மாடி வரை வந்தது, சங்கு ஊதியது. சிரிப்பு முகங்கள் வந்து குவிந்தன. அதற்கப்புறம் லோசனி தனியாகச் செய்தி அனுப்பினார், உடம்புக்கு ஒன்றும் இல்லையே, யாராவது டாக்டரைப் பாருங்கள் என்று. மற்றவர்கள் படிப்பதை நிறுத்திவிட்டார்கள். அது ஒரு விதத்தில் வசதியாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் வரை ஒன்றும் நடக்கவில்லை. எழுதுவது வேறு, கேட்பது வேறாக இருந்தது. தொண்ணூறு நாளில் அறுபது போயிருந்தது. தனபாக்கியம் இன்சுலினுக்கு வந்துபோனார். பதின்மூன்றாம் நாள் காலை, ஒரு வாடிக்கையாளருக்கு மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருக்கும்போது, தேடிப் போகாமலேயே அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலில் ஈரம். கையில் பிழிந்த போர்வை. தூரத்திலிருந்து நீண்ட, தாழ்ந்த சங்கு.

கத்தரியை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். என்ன ஆச்சு என்று வாடிக்கையாளர் கேட்டார். ஒன்றுமில்லை, தலைசுற்றல் என்றார். அது திரும்பி வந்த சங்கா, தானே செய்து வைத்த சங்கா என்று தனக்குள் எந்த மூலையில் தேடினாலும் வித்தியாசம் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. முப்பதாம் நாளுக்குள் அந்தப் பயமும் போய்விட்டது.

எண்பத்தாறாம் நாள் இரண்டாவது வாசிப்பு. ஜெரால்டு அவர் முகத்தைப் பார்க்காமல் படிவத்தை நீட்டினார். முதல் வாசிப்புக்குப் பிறகு இச்சம்பவத்தை எவரிடமும் விவரித்தீர்களா என்று, பதிவுக்காக, சத்தமாகக் கேட்டார்.

"இல்லை," என்றார் கோகிலவாணி. கையெழுத்துப் போட்டார். முதல் முறை போட்டதைவிடக் கை நிதானமாக இருந்தது.

அறிக்கை சுத்தமாக வந்தது. காற்று, துணி, சங்கு. இடைவெளி. சங்கு. இடைவெளி. சங்கு. பிறகு தண்ணீர். முதல் வாசிப்பின்போது சாட்சி அதிர்ச்சியில் இருந்திருக்கலாம் என்று ஜெரால்டு ஒரு குறிப்பு எழுதினார். நீதிமன்றம் இரண்டு வாரத்தில் நாச்சிமுத்துவை விடுவித்தது.

தீர்ப்பு அன்று வராந்தாவில் மருதாசலம் காத்திருந்தார். மெலிந்துபோயிருந்தார். கையில் இரண்டு அறிக்கைகளின் நகலும் இருந்தன. கோகிலவாணியைப் பார்த்ததும் எழுந்து நின்றார். திட்டப்போகிறார் என்று கோகிலவாணி எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"சங்கு ஊதியிருக்குதுன்னா எனக்கும் கேட்டிருக்கோணும்," என்றார் மருதாசலம். "ஏதோ மில் சங்குன்னு நினைச்சு நான் சும்மா இருந்திருப்பேன் போல. அதைக் கேக்க வரலைங்க. முதல் அறிக்கையில என்ர சின்னவ கூப்பிட்டது இருந்துச்சு. 'அப்பா, இங்க பாருங்க'ன்னு. நான் அடுப்பு ஊதிட்டிருந்தேன், எனக்குக் கேக்கலை. உங்களுக்குத்தான் கேட்டிருக்குது. இந்த அறிக்கையில அது இல்லைங்களே. எங்க போச்சு?"

கோகிலவாணி அந்த இடத்திலேயே கண்ணை மூடினார். மாடிக்குப் போனார். முதல் சங்கு, இரண்டாவது சங்கு, மூன்றாவது. அவை முடிந்ததும் தண்ணீர். சிறுமியின் குரல் எங்கும் இல்லை. முப்பது நாளில் ஒரு நாள்கூட அந்தக் குழந்தையை அவர் எழுதவில்லை. அது வாயே திறக்கவில்லை இப்போது, தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது.

"தெரியலைங்க," என்றார்.

மருதாசலம் முதல் அறிக்கையை மட்டும் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

நாச்சிமுத்து கடைக்கு வந்தது அதற்குப் பின் நான்காவது நாள். கூட்டம் குறையும்வரை எதிர்ப்பக்கம் நின்றிருந்துவிட்டு வந்தார். நன்றி சொன்னார். தனபாக்கியம் கொடுத்தனுப்பிய ஒரு சீப்புப் பழத்தைக் கண்ணாடி மேசை மேல் வைத்தார். வேலையில் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள் என்று யூனியனில் சொல்கிறார்களாம். பிறகும் போகவில்லை.

"ஒரு சங்கதி கேக்கோணுமுங்க. தப்பா நினைக்கப் படாது." கடைக்குள் வேறு யாரும் இல்லை என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். "பிடிச்சுட்டுப் போன அன்னைக்கு, ஊதினேன்னு அடிச்சுச் சொன்னேன். தினமும் கேட்டாங்க, தினமும் சொன்னேன். வக்கீலுக்குச் சொன்னேன், சம்சாரத்துக்குச் சொன்னேன். சொல்லிச் சொல்லி ஒரு கட்டத்துல, சுவிட்சைத் தொட்டது ஞாபகத்துல இருந்து வருதா, வாயில இருந்து வருதான்னு தெரியாமப் போச்சு. உள்ள இருந்த கடைசி ஒரு மாசம் தூக்கமே இல்லைங்க. நாலு உசுரு. நான் ஊதினேனா இல்லையான்னு எனக்கே நிச்சயமாத் தெரியலை. உங்களுக்குத்தான் தெரியும். நெசமாலுமே கேட்டுச்சுங்களா?"

கோகிலவாணி கண்ணாடிமேல் இருந்த பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்வதற்கு இரண்டு இருந்தன. ஒன்றைச் சொன்னால் இந்த ஆள் இனி எந்த நாளும் தூங்க மாட்டார். மற்றதில் பொய் என்று எதுவும் இல்லை, அவருக்குக் கேட்டது. இந்த நிமிடம்கூடக் கேட்டது.

"கேட்டுச்சுங்க," என்றார். "மூணு தடவை."

நாச்சிமுத்து அசையாமல் நின்றார். இன்னும் ஏதாவது வேண்டும் என்பது போல, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடைக்காதா என்பது போல நின்றார்.

"ரெண்டாவது தடவை மட்டும் நடுவுல கொஞ்சம் கரகரன்னு அடைச்சாப்பல வந்துச்சு," என்றார் கோகிலவாணி. பதினேழாம் நாள், சொல் 'தொண்டை'. பதிவு தட்டையாக இருக்கிறதே என்று கடைசி நேரத்தில் அவர் சேர்த்த வரி அது.

நாச்சிமுத்துவின் நெற்றி சுருங்கியது. கண்கள் மூடின. சுவிட்சின் மேல் வைப்பது போல வலது கை லேசாக எழுந்தது. மெல்ல மெல்ல முகம் தெளிந்தது.

"ஆமாங்க," என்றார். "ரெண்டாவது கரகரத்துச்சு. இப்ப ஞாபகம் வருது."